ஆறு மணி வண்டியின் விசில்

அந்த விசிலை இப்போது ஊதினால் சத்தம் வராது. உள்ளே இருந்த தக்கை உருண்டை எப்போதோ காய்ந்து பொடிந்துவிட்டது. வாயில் வைத்து எவ்வளவு மூச்சுப் பிடித்து ஊதினாலும் புஸ்ஸென்று காற்றுதான் போகிறது. பித்தளை மட்டும் கெட்டியாக இருக்கிறது. போன வாரம் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தொழிலில் ஜெயித்தவனின் மனசு எப்படி இருக்க வேண்டும், அவனுக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று அவர்களுடைய சங்கத்தில் நான் பேச வேண்டுமாம். நான் ஜெயித்தவன் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஊர் வாயை மூட முடியுமா? என் குணத்தைப் பேச ஆரம்பித்தால் நான் மாட்டிக்கொள்வேன், வேண்டுமானால் என் முதலாளியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அலமாரியிலிருந்து எடுத்த விசிலை மேஜைமேல் வைத்துக்கொண்டு இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வருஷம் அவர் பக்கத்தில் இருந்தேன். அவர் நல்லவரா, கல் நெஞ்சுக்காரரா, மகா கெட்டிக்காரரா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மகாராஜா காலத்து மைசூர் அது. முதலாளியின் அப்பா ரயில்வேயில் கார்டாக வேலை பார்க்கத் தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். முதலாளி பிறந்ததும் வளர்ந்ததும் மைசூர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அப்பாவின் ரயில் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, அங்கே மண்டி மொஹல்லாப் பேட்டையில் ஒரு ஷெட் போட்டு, கொள்ளேகாலத்துக்கும் மைசூருக்கும் ஓட்ட ஆரம்பித்தார். கொள்ளேகாலம் அப்போது மதராஸ் மாகாணம், கோயமுத்தூர் ஜில்லா. நான் அங்கிருந்து இன்னும் உள்ளே, ஹனூர்ப் பக்கத்து ஆள். ராகியும் சோளமும் வானத்தை நம்பிக் கிடந்த காட்டை விட்டுவிட்டு, இருபது வயதில் அவரிடம் கண்டக்டராகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கு அவர் என் கையில் கொடுத்ததுதான் இந்த விசில். அவருடைய அப்பா ரயிலில் ஊதிய விசில். எனக்குச் சொந்தமாகக் கொடுக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மைசூரிலிருந்து புறப்படும்போது அவர் கையால் கொடுப்பார், மறுநாள் காலை கொள்ளேகாலத்து ஆறு மணி வண்டி மைசூர் சேர்ந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று விளங்காது. அப்போது எந்த பஸ்ஸும் மணி பார்த்துப் புறப்படாது. ஆள் நிறைந்தால் புறப்படும். காலை ஆறு மணி வண்டி என்று ஏறி உட்கார்ந்தால் எட்டுக்கும் போகும், பத்துக்கும் போகும். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து இன்ஜினை உறும விடுவார், இதோ கிளம்பிவிட்டது என்று நாலு பேர் ஓடிவந்து ஏறுவார்கள், உடனே அணைத்துவிடுவார். யாருக்கும் அதில் தப்புத் தெரியாது. எங்கள் முதலாளி மட்டும் ஆறு என்றால் ஆறு என்றார். முதல் இரண்டு மாதம் வண்டியில் டிரைவர், நான், யாரோ ஏற்றிவிட்ட ஒரு கூடை கத்தரிக்காய், அவ்வளவுதான். மற்ற வண்டிக்காரர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். “காத்தை ஏத்திக்கிட்டுப் போறான் பாரு!” என்று கத்துவார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். அந்த மாதங்களில் தினமும் எங்களோடு வந்துபோன முதலாளிக்கு ஒன்றுமே இருக்காது. சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுப்பார், பார்ப்பார், “ஆயித்து. ஊது” என்பார். கன்னடத்தில் ‘ஆயிற்று’ என்பதுதான் அந்த ஆயித்து. அந்த ஒரு சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது.

அவர் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு ஒன்று உண்டு. “எங்கே போகணும்னு எல்லாரும்தான் கேப்பான். எத்தனை மணிக்கு அங்கே இருக்கணும்னு நீ கேளப்பா.” கேட்டேன். வெற்றிலைக் கட்டுக்காரர் ஒன்பதரைக்குள் தேவராஜ மார்க்கெட்டில் இருந்தால் இலை வாடாது என்றார். பூக்காரம்மா, பூஜை நேரம் தாண்டினால் மல்லிகையைத் தலையில் வைத்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை என்றாள். வழக்குக்காரருக்குக் கோர்ட்டு பதினொன்றுக்கு. இத்தனை பேர் இத்தனை காலமாக வாயைத் திறக்காமல் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து வெந்திருக்கிறார்கள்! மூன்றாம் மாதம் வெற்றிலைக்காரர் வந்தார். நாலாம் மாதம் அவர் ஊரே வந்தது. அப்புறம் யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, பாதி வண்டிகள் ஷெட்டில் படுத்துவிட்டன. எங்கள் முதலாளி வண்டியின் முதுகில் கரி எரிக்கிற பீப்பாயைக் கட்டி, கரிப் புகையில் ஓட்டினார். ஆறு மணிக்குப் புறப்பட வேண்டுமானால் ஐந்து மணிக்கே நெருப்பு மூட்டிக் கையால் விசிற வேண்டும். எங்களோடு வந்து தங்குகிற நாளில் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிறி, முகமெல்லாம் கரியோடு வந்து நிற்பார். மேட்டில் வண்டி மூச்சு வாங்கினால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். ஆனாலும் புறப்படுகிற நேரம் மட்டும் தப்பாது.

ஒருமுறை டிரைவர் தன் மாமனாருக்காக மூன்றே நிமிஷம் வண்டியை நிறுத்தி வைத்தார். முதலாளி அன்றைக்கு ஆடிய ஆட்டம்! “சொந்தக்காரனுக்கு நிக்கிற வண்டியிலே ஊரான் எப்படிப்பா நம்பி ஏறுவான்?” என்று ஷெட்டே அதிரக் கத்தினார். சரி, இரக்கம் இல்லாத மனுஷன் என்று நினைத்தால் அதுவும் இல்லை. தினம் நாலு மணி வண்டிக்கு விசிலைக் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார். “இன்னிக்கு யாரை விட்டுட்டுப் போனோம்?” யாராவது ஓடிவந்து ஏற முடியாமல் போயிருந்தால் பேர், ஊர் சொல்ல வேண்டும். மறுநாள் அவருக்கு முன் சீட்டு, டிக்கெட் கிடையாது. ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வீட்டுக்கே சொல்லி அனுப்புவார். விட்டுவிட்டும் போவார், தேடிக்கொண்டும் போவார். இதில் எது அவர் என்று அப்போதே எனக்கு மண்டை காய்ந்தது.

முதலாளியின் அம்மா கொள்ளேகாலத்தில் மகள் வீட்டில், அதாவது முதலாளியின் அக்கா வீட்டில் இருந்தார். வியாழக்கிழமை சாயங்கால வண்டியில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை எங்களோடு திரும்புவது அவர் வழக்கம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. சந்தை நாள், தெரு முழுக்க மாட்டு வண்டி. ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது தெருக்கோடியில் ஒரு பெண் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையைத் தூக்கியபடி வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து வருவது தெரிந்தது. நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் தங்கச்சி. குழந்தையின் தலையில் துணி சுற்றியிருந்தது. முதலாளியிடம், “ஒரு அம்மா குழந்தையோட வர்றாங்க, ரெண்டு நிமிஷம்…” என்றேன். என் தங்கச்சி என்று சொல்லவில்லை. டிரைவரின் மாமனார் பட்ட பாடு கண்முன் நின்றது. சொந்தக்காரி என்றால் நிச்சயம் நிற்கமாட்டார், யாரோ என்றால் ஒருவேளை நிற்பார் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “ஆயித்து. ஊது” என்றார். நான் ஊதினேன். நான்தான் ஊதினேன், அவர் ஊதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழந்தையின் கண்ணில் அறுத்த ராகித் தாள் குத்திவிட்டிருந்தது. அவளுக்கு மூன்று வயதுப் பையன், ஒரே பிள்ளை. கட்டை வண்டியில் ராத்திரியெல்லாம் வந்திருக்கிறார்கள், எங்கள் வண்டியைப் பிடித்தால் ஒன்பதரைக்கு மைசூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று. அடுத்த வண்டி ஆள் நிறைந்து பத்து மணிக்குக் கிளம்பியது, நடுவழியில் நின்றது, பிற்பகல்தான் போய்ச் சேர்ந்தது. நான் மத்தியானம் முழுக்க ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றேன். டாக்டர் பார்த்துவிட்டு நேற்றே வந்திருக்க வேண்டும் என்றார். இன்றைக்குக் காலையிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்று கையை விரித்தார். இடது கண் போய்விட்டது. என் தங்கச்சி அழுது முடித்த பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீங்க என்னைப் பாத்திருக்க மாட்டீங்ண்ணா. அத்தனை வண்டிக்கு நடுவுல எப்பிடிங்ண்ணா தெரியும்?” என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். நானும் பாவி, “ஆமா, பாக்கல” என்றேன். அன்று நாலு மணிக்கு விசிலைக் கொடுக்கும்போது வழக்கப்படி முதலாளி கேட்டார், யாரை விட்டுட்டுப் போனோம் என்று. யாரோ, தெரியலைங்க என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “குழந்தையோட வந்தாளே, அவளை விசாரிச்சியா?” என்றார். தெரியலைங்க என்றேன் மறுபடியும். இந்த ஆளிடம் போய் என் வீட்டுத் துக்கத்தைச் சொல்லி, ஒரு முன் சீட்டு வாங்க வேண்டுமா என்று நெஞ்சு எரிந்தது. அன்றிலிருந்து அவரை வெறுத்தேன். மனதார வெறுத்தேன், அவர் கொடுத்த விசிலை ஊதிக்கொண்டே.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை கொள்ளேகாலத்தில் முதலாளியின் அக்கா வண்டிக்கே வந்து, அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, தம்பியை உடனே வரச் சொல் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். மைசூர் வந்ததும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அன்று மத்தியானம் கரி பீப்பாயைச் சோதிக்க அதிகாரி வருகிறார், அவர் இல்லாவிட்டால் வண்டியே நின்றுவிடும். “நாலு மணி வண்டியிலே வந்துடறேன்” என்று விசிலை அப்போதே என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். நாலு மணிக்குத் தேவராஜ மார்க்கெட் பக்கத்தில் வண்டி நிற்கிறது. நாங்கள் சின்னக் கடியாரம் என்று சொல்கிற அந்தச் சின்ன மணிக்கூண்டு எனக்கு நேர் எதிரே. முதலாளியைக் காணோம். முள் நாலைத் தொடுகிற நேரம், தெருத் திருப்பத்தில் ஒரு ஜட்கா கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதும், அதிலிருந்து அவர் குதித்து இறங்கி, ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பையும் மறு கை மேலே தூக்கியபடியுமாக ஓடிவருவதும் தெரிந்தது. டிரைவர், “முதலாளி வர்றார்” என்றார். எனக்கும் தெரிந்தது. அந்தத் தூக்கிய கை தெரிந்தது. “ஆயித்து” என்றேன், சத்தமாக, அவர் குரலிலேயே. விசிலை வாயில் வைத்து ஊதினேன். வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நடுத்தெருவில் நின்றார், தூக்கிய கையை மெல்ல இறக்கினார். ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! வழியில் ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

கொள்ளேகாலம் சேர்ந்ததும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்ற அக்கா என் பின்னால் பார்த்துக்கொண்டே, “அவன் எங்கேப்பா?” என்றார். வண்டியைத் தவறவிட்டுவிட்டார் என்றேன். “அவன் வண்டியையா?” என்று கேட்டார். அன்று ராத்திரியே முதலாளியின் அம்மா போய்விட்டார். முதலாளி யாரோ ஒருவருடைய மூட்டை லாரியில் ஏறி மறுநாள் காலை வந்து சேர்ந்தார். ஆரஞ்சுப் பை அப்போதும் கையில் இருந்தது. எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே சடங்கெல்லாம் பார்த்தார்.

காரியம் முடிந்து அவர் ஷெட்டுக்கு வந்த அன்று எனக்குச் சீட்டுக் கிழிந்தது என்று முடிவு கட்டி, காக்கிக் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் என் கையிலிருந்து விசிலை வாங்கினார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி என் உள்ளங்கையிலேயே வைத்து விரலை மூடினார். “எங்கப்பா இருந்திருந்தாலும் அன்னிக்கு ஊதித்தான் இருப்பார். இத்தனை பேர்ல நீ ஒருத்தன்தான் என்னைப் புரிஞ்சுக்கிட்டவன். இனி இது உன்னுது” என்றார். கண் நிறைந்திருந்தது. இரண்டாவது வண்டியை என் பொறுப்பில் விட்டார், பின்னால் பங்கும் கொடுத்தார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயமா, பேராசையா என்று கேட்டால் இரண்டும்தான். அதைவிடக் கூத்து அடுத்து நடந்தது. முதலாளியையே விட்டுவிட்டுப் போன வண்டி என்று கதை ஊரெல்லாம் பரவியது. தாயின் சாவுக்குக்கூட நிற்காத வண்டி என்று மண்டிக்காரர்கள் வியந்து வியந்து பேசி, தங்கள் சரக்கையெல்லாம் எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் கடை வாசலில் முதலாளியே அந்தக் கதையை ஒரு வியாபாரிக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டேன். ஆரஞ்சுப் பழத்தைக்கூட விடாமல் சொன்னார். கேட்டவர் உச்சுக்கொட்டினார், அடுத்த வாரமே இரண்டு வண்டிச் சரக்குக்குப் பேசி முடித்தார். துக்கம் தாங்காமல் சொன்னாரா, தொழிலுக்காகச் சொன்னாரா? அன்று பின்பக்கம் போய் நின்று அவர் குலுங்கிக் குலுங்கி அழுததையும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுதந்திரம் வருவதற்கு முன்னால் அவர் படுத்துவிட்டார். என்னால் அதற்குமேல் சுமக்க முடியவில்லை. ஒரு பிற்பகல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வந்தது என் தங்கச்சி, போனது அவள் பிள்ளையின் கண், நாலு மணிக்கு நான் ஊதியது பழி, விசுவாசம் இல்லை. திட்டுவார், காறித் துப்புவார், அல்லது எனக்கு அப்போதே தெரியும் என்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் மெதுவாக, “உன் தங்கச்சின்னு அன்னிக்குச் சொன்னியா?” என்றார்.

“இல்லீங்க.”

“சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனேப்பா.”

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் பத்து நாள் இருந்தார், அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மனதாரச் சொன்னாரா? அப்படியானால் சொந்தக்காரனுக்கு நிற்கிற வண்டி என்று கத்தினாரே, அது என்ன? இல்லை, நான் அவருக்குச் செய்ததற்கு ஒரே வரியில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாரா? எத்தனையோ வருஷம் ஆயிற்று, அவர் வைத்த நேரத்திலேயே வண்டிகள் ஓட்டி நானும் சம்பாதித்தாயிற்று. ஆறாவது பஸ் வாங்கிய அன்றைக்கும் இந்த வரிதான் காதில் கேட்டது. பிள்ளைகளிடம் போய் நான் எந்தக் குணத்தைச் சொல்லட்டும்? உறுதி என்று சொன்னால் ஒரு கண் நினைவுக்கு வருகிறது. இரக்கம் என்று சொன்னால் ஒரு பை ஆரஞ்சுப் பழம் நினைவுக்கு வருகிறது.

இன்றைக்குத்தான் அந்தக் கூட்டம். என்னை அழைத்துப்போக என் தங்கச்சி மகனே வந்திருக்கிறான். என்னிடம்தான் வளர்ந்தான், என் ஆபீஸை இப்போது அவன்தான் பார்க்கிறான், என்னைவிடக் கன்னடம் நன்றாகப் பேசுவான். தங்கச்சி இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். நான் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை அவளும் நம்புகிறாள், அவனும் நம்புகிறான். விசிலை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “ஆயித்து மாமா, கிளம்பலாமா?” என்று வாசலிலிருந்தே கேட்டான். நான் அவனுக்கு இடதுபக்கம் இருந்தேன். அதனால், சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரியே, முழு முகத்தையும் என் பக்கம் திருப்பினான்.

விசிலைக் கையில் எடுத்துக்கொண்டேன். “ரெண்டு நிமிஷம் இருடா கண்ணு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.